வேலை அனுபவம் ஏழே மாதம், விண்ணப்பிக்கலாமா?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றி இருந்தன. ஃபைனான்சியல் இன்ஜினியரிங், அதாவது நிதிப் பொறியியல் முதுகலை படிக்க ஆசை, ஆனால் கையில் சொல்லிக்கொள்ள அனுபவம் இல்லை, எடுப்பார்களா? மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு இந்தப் பக்கங்களை இதற்கே ஒதுக்கிவிட்டேன். நானும் இதே படிப்பைப் படித்தவள். அப்புறம் ஒரு வங்கியின் ரிஸ்க் பிரிவில் பல வருடம் மாடல்களைச் சரிபார்த்தேன், புதிதாக வருகிறவர்களை நேர்காணலும் செய்தேன். மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

கேள்வி: வணக்கம் அக்கா. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்தேன். ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் வேலையில் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. நிதித் துறைக்கும் என் வேலைக்கும் சம்பந்தமே இல்லை. கல்லூரியில் கணக்கில் நல்ல மதிப்பெண். இரண்டு மூன்று வருட அனுபவம் இல்லாமல் விண்ணப்பித்தால் பணம்தான் வீண் என்று கூட வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். இந்த வருடமே போடலாமா, இல்லை காத்திருக்கலாமா?

பதில்: அவர்கள் எம்.பி.ஏ.வை மனதில் வைத்துக்கொண்டு சொல்கிறார்கள் தம்பி. எம்.பி.ஏ. வகுப்பில் ஒருவர் தன் வேலையில் பார்த்ததை மற்றவர்களுக்குச் சொல்வதே பாடத்தில் ஒரு பங்கு, அதனால் அங்கே வருடக் கணக்குப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. நிதிப் பொறியியல் அப்படிப் பிறந்த படிப்பு இல்லை. 1973ல் ஃபிஷர் பிளாக்கும் மைரன் ஷோல்ஸும் ஒரு பக்கம், ராபர்ட் மெர்ட்டன் இன்னொரு பக்கம், ஆப்ஷனுக்கு, அதாவது ஒரு பங்கைப் பிற்பாடு குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ தரும் உரிமைக்கு, விலை கணக்கிடும் முறையை வெளியிட்டார்கள். அந்தச் சமன்பாட்டில் மாறிகளைக் கொஞ்சம் மாற்றிப் போட்டால் இயற்பியலில் வெப்பம் பரவுவதைச் சொல்லும் சமன்பாடு வந்து நிற்கும். அதைத் தீர்க்கத் தெரிந்த ஆள் வங்கிகளுக்குத் தேவைப்பட்டபோது, நிதி தெரியுமா என்று கேட்காமல் கணிதமும் இயற்பியலும் படித்தவர்களைத் தேடிப் பிடித்தார்கள். இமானுவேல் டெர்மன் துகள் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கி, பெல் ஆய்வகத்தில் சில வருடம் இருந்துவிட்டு, 1985ல் கோல்ட்மேன் சாக்ஸுக்குப் போனவர். பிற்பாடு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இதே படிப்புக்குத் தலைமை தாங்கியதும் அவர்தான். பாரிஸில் 1990ல் இதற்கான பாடத்திட்டத்தைத் தொடங்கிய நிக்கோல் எல் கரூய் நிகழ்தகவுக் கணிதத்தில் பெயர் பெற்றவர். அமெரிக்காவில் கார்னகி மெலன் 1994லும் சிகாகோ 1996லும் ஆரம்பித்தபோதும், கணக்கு வலுவாக உள்ளவரை எடுத்து நிதியைச் சொல்லிக்கொடுப்போம் என்பதுதான் அடிப்படை எண்ணம். கல்லூரி முடித்த கையோடு வருகிறவர்கள் இந்த வகுப்புகளில் நிறையவே இருக்கிறார்கள்.

அப்படியானால் எதைப் பார்க்கிறார்கள்? உங்கள் விண்ணப்பத்தைப் படிப்பவர் மனதில் இரண்டு கேள்விகள் ஓடும். ஸ்டோகாஸ்டிக் கால்குலஸ் (தற்செயலாக மாறும் அளவுகளுக்கான நுண்கணிதம்) வகுப்பின் மூன்றாவது வாரத்தில் இந்தப் பிள்ளை தாக்குப்பிடிக்குமா என்பது முதல் கேள்வி. படித்து முடிப்பதற்குள் இவருக்கு வேலை கிடைக்குமா என்பது இரண்டாவது. ஒவ்வொரு வருடமும் எத்தனை பேருக்கு, எங்கே, எந்தச் சம்பளத்தில் வேலை கிடைத்தது என்ற அறிக்கையைப் பெரும்பாலான படிப்புகள் வெளியிடுகின்றன, தரவரிசைகளும் அந்த எண்ணைத்தான் முக்கியமாகப் பார்க்கின்றன. வேலை கிடைக்காத ஒரு மாணவர் அவர்களுக்கும் சுமை. அனுபவம் உள்ளவர்மேல் அவர்களுக்கு ஒரு சாய்வு இருக்கிறதென்றால் அது இந்தப் பயத்தால்தான். அந்தப் பயத்தை வேறு வழியில் போக்கிவிட்டால் ஏழு மாதம் என்பது பெரிய குறையே இல்லை.

இங்கே நாள்காட்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இதை எனக்கு யாரும் சொல்லாததால் நான் பட்டது நிறைய. அமெரிக்கப் படிப்புகளில் பெரும்பாலானவை ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும். அடுத்த கோடைக்கான இன்டர்ன்ஷிப் நேர்காணல்கள் செப்டம்பர், அக்டோபரிலேயே ஆரம்பித்துவிடும், சில நிறுவனங்கள் அதற்கும் முன்னதாகவே கதவைத் திறந்து மூடிவிடும். அதாவது நீங்கள் அங்கே போய் எதையும் கற்றுக்கொள்வதற்கு முன்பே, அங்கே கற்றதை வைத்துக் கிடைக்க வேண்டிய வேலைக்குத் தேர்வு நடந்துவிடுகிறது. எனக்கு ஐந்தாவது வாரம் முதல் அழைப்பு வந்தது. கால் ஆப்ஷனின், அதாவது வாங்கும் உரிமை தரும் ஆப்ஷனின், காமா (பங்கு விலையோடு ஆப்ஷன் விலை நகரும் வேகம் எவ்வளவு மாறுகிறது என்ற அளவு) எங்கே அதிகமாக இருக்கும், ஏன் என்று கேட்டார்கள். அந்தப் பாடம் எங்களுக்கு நவம்பரில்தான் வர இருந்தது. எதையோ உளறிவிட்டு வந்தேன், அதற்கப்புறம் பிப்ரவரி வரை ஒரு இடமும் அமையவில்லை. வகுப்பில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் பலர் இதே மாதிரி தடுமாறினார்கள். கோடை விடுமுறையிலேயே ஆப்ஷன் விலையிடலைத் தானாகப் படித்து வந்திருந்த, கல்லூரியை விட்டு நேராக வந்த ஒரு பையனுக்கு அக்டோபரில் இடம் கிடைத்தது.

அதனால் உங்கள் கேள்வியை நான் இப்படி மாற்றிக் கேட்பேன்: இன்னும் ஒரு வருடத்தில் ஒரு நேர்காணலில் உட்கார நீங்கள் தயாராக இருப்பீர்களா? கணிதத்திலிருந்து தொடங்குங்கள். இவர்கள் கேட்கும் முன்தேவைகள் எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: பல மாறி நுண்கணிதம், லீனியர் அல்ஜீப்ரா, வகைக்கெழுச் சமன்பாடுகள், நுண்கணிதத்தை அடிப்படையாகக் கொண்ட நிகழ்தகவு, அப்புறம் பைத்தான் அல்லது சி பிளஸ் பிளஸ். மெக்கானிக்கல் படித்தவருக்கு முதல் மூன்றும் ஓரளவு இருக்கும். வெப்பக் கடத்தல் பாடத்தில் கம்பியைத் துண்டு துண்டாகப் பிரித்து எண்முறையில் தீர்த்திருப்பீர்கள் இல்லையா, அமெரிக்கன் ஆப்ஷனுக்கு (முடிவு நாளுக்கு முன் எப்போது வேண்டுமானாலும் பயன்படுத்தக்கூடியது) விலை காண்பதும் அடிப்படையில் அதே வேலைதான், இதை விண்ணப்பத்தில் எழுதுங்கள். ஓட்டை இருப்பது நிகழ்தகவில்தான். பொறியியலில் அது அரைப் பருவப் பாடமாக ஓடிப்போய்விடும். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, நிபந்தனை எதிர்பார்ப்பு என்றால் என்ன, ஒரு சமவாய்ப்பு மாறியின் சார்புக்கு அடர்த்தியை எப்படிக் கண்டுபிடிப்பது, மைய எல்லைத் தேற்றம் என்ன சொல்கிறது என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதிப் பாருங்கள். எழுத வந்தால் இந்த வருடமே போடுங்கள். வராவிட்டால் ஒரு வருடம் காத்திருங்கள், ஆனால் அந்த வருடத்தை அந்த ஓட்டையை அடைக்கச் செலவழியுங்கள். வெறும் மாதங்களை எண்ணிக் கூட்டுவதால் எதுவும் மாறாது.

உங்கள் வேலைக்கும் நிதிக்கும் சம்பந்தமில்லை என்கிறீர்களே, அதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2008 நெருக்கடிக்கு அப்புறம், 2011ல், அமெரிக்க ஃபெடரல் ரிசர்வும் தேசிய வங்கிகளைக் கண்காணிக்கும் அமைப்பும் சேர்ந்து எஸ்.ஆர். 11-7 என்ற வழிகாட்டுதலை வெளியிட்டன. வங்கி பயன்படுத்தும் மாடலை, அதைக் கட்டியவர் அல்லாத வேறொருவர் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். அதிலிருந்து மாடல் வேலிடேஷன் என்பதே பெரிய பிரிவாக வளர்ந்தது, இந்தப் படிப்பை முடிப்பவர்களில் கணிசமானோர் முதலில் கால் வைப்பதும் அங்கேதான். அந்த வேலை என்ன? இன்னொருவர் எழுதியது எந்த இடத்தில் உடையும் என்று தேடுவது, எல்லைகளில் என்ன உள்ளீடு கொடுத்தால் அபத்தமான விடை வரும் என்று யோசிப்பது, கண்டதைத் தெளிவாக எழுதிவைப்பது. ஏழு மாதமாக நீங்கள் செய்துகொண்டிருப்பது இதே புத்தியைக் கேட்கும் வேலைதான்.

கடைசியாக, இடத்தைப் பார்த்துப் போடுங்கள். பெர்க்லியின் படிப்பு மார்ச்சில் தொடங்கி ஒரே வருடத்தில் முடிகிறது, வந்த வேகத்தில் ஓட வேண்டும், வேலை பார்த்தவர்களுக்கு அங்கே மதிப்பு அதிகம். ஆக்ஸ்ஃபோர்டின் படிப்பு பத்தே மாதம், நடுவில் கோடை இன்டர்ன்ஷிப்புக்கு இடமில்லை. அனுபவம் இல்லாதவருக்கு அந்த ஒரு கோடை தங்கம். கார்னகி மெலன் மாதிரி 16 மாதமோ, பிரின்ஸ்டன் மாதிரி இரண்டு வருடமோ ஓடி, நடுவில் இன்டர்ன்ஷிப் வைத்திருக்கும் படிப்புகளை உங்கள் பட்டியலில் மேலே வையுங்கள்.

கேள்வி: கணிதத்தில் இளங்கலை இறுதி ஆண்டு. வேலை, இன்டர்ன்ஷிப் எதுவுமே இல்லை. அந்த இடத்தை நிரப்ப சி.எஃப்.ஏ. முதல் நிலையோ எஃப்.ஆர்.எம். முதல் பகுதியோ எழுதலாமா? பங்கு விலையைக் கணிக்கும் மெஷின் லேர்னிங் ப்ராஜெக்ட் ஒன்று செய்து வைத்திருக்கிறேன்.

பதில்: சி.எஃப்.ஏ. வேண்டாம். நல்ல தேர்வுதான், ஆனால் நிதிநிலை அறிக்கை படிக்கவும் நிறுவனங்களை மதிப்பிடவும் போகிறவருக்கானது. எஃப்.ஆர்.எம். கொஞ்சம் நெருக்கம், ரிஸ்க் பக்கம் போகும் எண்ணம் உறுதியாக இருந்தால் எழுதுங்கள், விண்ணப்பத்துக்காக என்று எழுதாதீர்கள். அதற்கான மாதங்களை ஒரு உருப்படியான ப்ராஜெக்ட்டுக்குக் கொடுத்தால் பலன் அதிகம்.

பங்கு விலைக் கணிப்பு ப்ராஜெக்ட்டை நான் நேர்காணலில் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. நேற்றைய விலையை இன்றைய விலையாகக் காட்டினாலே வரைபடத்தில் இரண்டு கோடும் ஒட்டிக்கொண்டு போகும், அதைப் பார்த்துவிட்டு 95 சதவீதத் துல்லியம் என்று எழுதிவிடுகிறார்கள். விற்று வாங்கும் செலவைக் கழித்தீர்களா, வருங்காலத் தகவல் எங்கேயாவது கசிந்து உள்ளே வந்ததா என்று கேட்டால் அமைதியாகிவிடுகிறார்கள். உங்களுடையதைச் சோதித்துப் பாருங்கள். விலையைக் கணிக்காமல், விலை மாற்றத்தின் சதவீதத்தைக் கணிக்கச் சொல்லி, விலையே மாறாது என்று சொல்லும் ஒரு முட்டாள் மாடலோடு ஒப்பிடுங்கள். அதைத் தாண்டவில்லை என்றால் அதைச் சொல்லாமல் விட்டுவிடுவது நல்லது, அல்லது ஏன் தாண்டவில்லை என்பதையே ப்ராஜெக்ட்டாக எழுதுங்கள், அது இன்னும் நல்லது.

எனக்குப் பிடித்த ப்ராஜெக்ட் ஒன்று சொல்கிறேன், இரண்டு மாத வேலை. ஒரு சாதாரண யூரோப்பியன் கால் ஆப்ஷனை (முடிவு நாளில் மட்டும் பயன்படுத்தக்கூடியது) எடுத்து மூன்று வழியில் விலை போடுங்கள்: பிளாக்-ஷோல்ஸ் சூத்திரம், பைனாமியல் மரம் (ஒவ்வொரு படியிலும் விலை ஏறும் அல்லது இறங்கும் என்று கிளை பிரிப்பது), மான்டி கார்லோ (விலை போகக்கூடிய பல பாதைகளைத் தற்செயலாக உருவாக்கிச் சராசரி எடுப்பது). மூன்றும் ஒத்துப்போவதைக் காட்டுவதோடு நிறுத்திவிடாதீர்கள். மான்டி கார்லோவில் பிழை எப்படிக் குறைகிறது என்று வரைந்து பாருங்கள். பாதைகளை நான்கு மடங்காக்கினால்தான் பிழை பாதியாகும், இதைப் பாடத்தில் படிப்பதும் உங்கள் கணினி நான்கு மடங்கு நேரம் எடுத்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் வேறு வேறு அனுபவம். அப்புறம் ஒரு எதிர்மாறியைச் சேர்த்து, அதாவது ஒவ்வொரு பாதைக்கும் அதன் கண்ணாடிப் பிம்பத்தையும் ஓடவிட்டு, எவ்வளவு மிச்சமாகிறது என்று பாருங்கள்.

அடுத்த கட்டம்தான் உண்மையான விஷயம். நீங்கள் அந்த ஆப்ஷனை ஒருவருக்கு விற்றுவிட்டதாக வைத்துக்கொண்டு டெல்டா ஹெட்ஜிங் செய்யுங்கள், அதாவது பங்கு விலை நகர்வதால் வரும் நஷ்டத்தை ஈடுகட்டும் அளவுக்குப் பங்குகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சூத்திரம், ஒவ்வொரு கணமும் பங்குகளை வாங்கி விற்றுச் சரிசெய்துகொண்டே இருந்தால் நஷ்டமும் இல்லை லாபமும் இல்லை என்கிறது. ஒவ்வொரு கணமும் யாராலும் முடியாது. நாளுக்கு ஒரு முறை செய்தால்? வாரத்துக்கு ஒரு முறை? ஆயிரம் பாதைகளில் ஓடவிட்டுக் கடைசியில் கையில் நிற்கும் லாப நஷ்டத்தை வரையுங்கள். சராசரி பூஜ்யத்தைச் சுற்றி இருக்கும், ஆனால் அகலமாகப் பரவியிருக்கும். சரிசெய்யும் தடவைகளை நான்கு மடங்காக்கினால் அந்தப் பரவல் ஏறத்தாழ பாதியாகும். இப்போது ஒவ்வொரு தடவைக்கும் ஒரு சின்னக் கட்டணம் வையுங்கள், அடிக்கடி செய்தாலும் நஷ்டம், அரிதாகச் செய்தாலும் ஆபத்து என்ற இழுபறி கண்முன்னே வந்து நிற்கும். டிரேடிங் மேசையில் தினமும் நடப்பது இந்த இழுபறிதான்.

நேரம் இருந்தால் சந்தையில் உள்ள நிஜ ஆப்ஷன் விலைகளை எடுத்து, ஒவ்வொரு ஸ்ட்ரைக்குக்கும் (ஆப்ஷனில் குறித்த விலை) இம்ப்ளைட் வாலட்டிலிட்டியை, அதாவது அந்த விலை வர சூத்திரத்தில் போட வேண்டிய ஏற்ற இறக்க அளவை, திருப்பிக் கணக்கிடுங்கள். சூத்திரத்தின்படி அது ஒரே எண்ணாக இருக்க வேண்டும். பங்குக் குறியீட்டு ஆப்ஷன்களில் அப்படி இருக்காது, கீழ்ப்பக்க ஸ்ட்ரைக்குகளில் ஏறிக்கொண்டே போகும். 1987 அக்டோபர் 19 அன்று டவ் ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 22.6 சதவீதம் விழுந்தது, அதற்கு அப்புறம்தான் இந்தச் சாய்வு இவ்வளவு தெளிவாகப் பதிந்தது, இன்றுவரை போகவில்லை. இந்த ஒரு வரைபடத்தை நீங்களே வரைந்து, ஏன் இப்படி என்று இரண்டு பத்தி எழுதினீர்கள் என்றால், வேலை அனுபவம் என்ற கட்டம் காலியாக இருப்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நேர்காணலில் உங்களைப் பார்த்துக் கேட்பதற்கு அவர்களுக்கு விஷயம் கிடைத்துவிடும், உங்களுக்கும் பதில் சொல்ல வாய் இருக்கும்.

கேள்வி: முதுகலைச் சேர்க்கைக்கான ஜி.ஆர்.இ. தேர்வின் கணிதப் பகுதியில் 163. மறுபடி எழுத வேண்டுமா?

பதில்: நேரம் இருந்தால் எழுதுங்கள். உச்சம் 170, இந்தப் படிப்புக்குப் போட்டியிடுகிறவர்கள் கூட்டமாக அந்த உச்சத்துக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள், அதுவும் அனுபவம் இல்லாதவருக்கு எண்கள் கூடுதலாகப் பேச வேண்டியிருக்கிறது. 2023 செப்டம்பரிலிருந்து தேர்வு இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாகச் சுருங்கிவிட்டது, ஒரு முறை எழுதி 21 நாள் கழித்து மறுபடி எழுதலாம். ஆங்கிலப் பகுதியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நீங்கள் போடும் இடம் ஜி.ஆர்.இ. கேட்கிறதா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள், எல்லா இடமும் கேட்பதில்லை.

கேள்வி: பரிந்துரைக் கடிதம் யாரிடம் வாங்குவது? என் மேலாளருக்கு என்னைப் பிடிக்கும், ஆனால் நான் செய்வதில் கணக்கே இல்லை. கல்லூரிப் பேராசிரியருக்கு என்னை ஞாபகம் இருக்குமா என்பதே சந்தேகம்.

பதில்: இரண்டு பேரிடமும் வாங்குங்கள், ஆனால் ஒவ்வொருவரிடமும் வேறு வேறு விஷயத்தைக் கேளுங்கள். கணக்கில் நீங்கள் எப்படி என்பதைப் பேராசிரியர் மட்டும்தான் சொல்ல முடியும். ஞாபகம் இல்லையென்றால் ஞாபகப்படுத்துவது உங்கள் வேலை: எந்த வருடம், எந்தப் பாடம், என்ன மதிப்பெண், அவர் வகுப்பில் செய்த எந்த வேலை, இப்போது என்ன படிக்கிறீர்கள் என்று ஒரு பக்கம் எழுதி, செய்து வைத்திருக்கும் ப்ராஜெக்ட்டையும் அனுப்பி, நேரம் கேட்டு ஒருமுறை பேசுங்கள். குறைந்தது ஆறு வாரம் முன்னால் கேளுங்கள். மேலாளர் கணக்கைப் பற்றி எழுத வேண்டியதில்லை. சொன்ன தேதியில் வேலையை முடிப்பாரா, தப்பு நடந்தால் மறைப்பாரா சொல்வாரா, புரியாததைக் கேட்பாரா என்று அவர் எழுதட்டும். பெரிய பதவியில் இருக்கும் தெரிந்தவர் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். உங்களோடு வேலையே செய்யாத ஒருவர் எழுதிய கடிதம் முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: நோக்க அறிக்கையை இப்படித் தொடங்கியிருக்கிறேன்: 'சிறு வயதிலிருந்தே பங்குச் சந்தையின் ஏற்ற இறக்கங்கள் என்னை ஈர்த்தன.' சரியா இருக்கா மேடம்?

பதில்: இதை எடுத்துவிடுங்கள். நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று சொல்லவில்லை, நிஜமாகவே ஈர்த்திருக்கலாம், ஆனால் படிப்பவருக்கு இந்த வரியிலிருந்து ஒன்றும் கிடைக்கவில்லை. நீங்கள் மாட்டிக்கொண்ட ஒரு கணக்கிலிருந்து ஆரம்பியுங்கள். எங்கே மாட்டினீர்கள், என்ன முயன்றீர்கள், எது இன்னும் புரியவில்லை, அது புரிய இந்தப் படிப்பில் எந்தப் பாடம் தேவை. அனுபவம் குறைவு என்பதற்கு மன்னிப்புக் கேட்டு ஒரு பத்தி எழுதுகிறார்கள், அதுவும் வேண்டாம், உங்கள் சுயவிவரத்திலேயே அது தெரிகிறது. முடித்ததும் என்ன வேலை என்று எழுதும்போது குவான்ட் (கணித மாடல்களை வைத்து நிதி வேலை செய்பவர்) ஆக வேண்டும் என்று மொத்தமாகச் சொல்லாதீர்கள். மாடல் வேலிடேஷனா, மார்க்கெட் ரிஸ்க்கா, டிரேடர்களுக்குக் கருவி எழுதித் தரும் ஸ்ட்ராட் வேலையா, கடன் பத்திரங்களா, ஒன்றைப் பிடித்து ஏன் அது என்று சொல்லுங்கள். பிற்பாடு மனம் மாறினால் யாரும் வந்து கேட்கப்போவதில்லை.

கேள்வி: சேர்க்கைக்கே நேர்காணல் உண்டு என்கிறார்கள். என்ன கேட்பார்கள்?

பதில்: சில இடங்களில் காணொளியில் இரண்டு மூன்று பொதுவான கேள்விகளோடு முடிந்துவிடும். நியூயார்க்கின் பரூக் கல்லூரி மாதிரி இடங்களில் வேலை நேர்காணல் போலவே கணக்குக் கேட்பார்கள், வகுப்பும் சின்னது. அங்கே வருகிற வகைக் கேள்வி ஒன்றைப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு நாணயத்தைச் சுண்டிக்கொண்டே இருக்கிறீர்கள். தொடர்ந்து தலை, தலை விழ சராசரியாக எத்தனை முறை சுண்ட வேண்டும்? தலை, பூ என்று விழ எத்தனை முறை?

இரண்டுக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதானே, அதனால் இரண்டும் சமம் என்றுதான் முதலில் தோன்றும். தலை-தலைக்கு விடை 6, தலை-பூவுக்கு 4. தொடக்கத்திலிருந்து தேவைப்படும் சராசரி எண்ணிக்கையை 'அ' என்றும், ஒரு தலை விழுந்தபின் இன்னும் தேவைப்படுவதை 'ஆ' என்றும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் சுண்டலில் பாதி வாய்ப்பில் 'ஆ' நிலைக்குப் போவோம், பாதி வாய்ப்பில் 'அ'விலேயே இருப்போம், ஆகவே அ = 2 + ஆ. தலை-தலைக்கு, 'ஆ' நிலையில் பூ விழுந்தால் எல்லாம் போச்சு, மறுபடி 'அ'. அதனால் ஆ = 1 + அ/2. இரண்டையும் சேர்த்தால் அ = 6. தலை-பூவுக்கு, 'ஆ' நிலையில் இன்னொரு தலை விழுந்தாலும் ஒன்றும் இழக்கவில்லை, 'ஆ'விலேயே நிற்கிறோம். ஆ = 1 + ஆ/2, அதாவது 2, அதனால் அ = 4.

நான் நேர்காணலில் உட்கார்ந்தபோது 6 என்ற எண்ணை மனப்பாடமாகச் சொன்னவர்களையும் பார்த்திருக்கிறேன். அடுத்து, தொடர்ந்து மூன்று தலைக்கு என்று கேட்பேன் (14 வரும்), இல்லை தலை விழும் வாய்ப்பு பாதி இல்லை என்றால் என்று கேட்பேன். நிலைகளைப் பிரித்து எழுதக் கற்றவருக்கு இரண்டு நிமிடம். மற்றவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள். தவறான விடை சொல்லிவிட்டு, சத்தமாக யோசித்து, தானே தவற்றைக் கண்டுபிடித்துத் திருத்தியவர்களுக்கு நான் தயங்காமல் ஆம் என்று எழுதியிருக்கிறேன். வாயைத் திறந்து யோசிக்கப் பழகுங்கள், ஒரு நண்பரை எதிரில் உட்காரவைத்துப் பழகினால் இன்னும் நல்லது.

கேள்வி: என் மகளுக்கு அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இந்தப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. அவளுக்கு வேலை அனுபவம் கிடையாது. கடன் வாங்கித்தான் அனுப்ப வேண்டும். அனுப்பலாமா அம்மா?

பதில்: ஐயா, ஆமாம் என்றோ இல்லை என்றோ இங்கிருந்து சொன்னால் அது பொறுப்பில்லாத பேச்சு. ஆனால் முடிவெடுக்கும் முன் பல்கலைக்கழகத்திடம் கேட்க வேண்டியவை இருக்கின்றன, மகளையே எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். அவர்கள் வெளியிடும் வேலைவாய்ப்பு அறிக்கையில் 90 சதவீதம் என்று போட்டிருந்தால், வகுப்பில் மொத்தம் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் தங்கள் நிலையைத் தெரிவித்தார்கள் என்று கேளுங்கள். தெரிவித்தவர்களில் 90 சதவீதமும் மொத்த வகுப்பில் 90 சதவீதமும் ஒன்றல்ல. முதல் கோடையில் எத்தனை பேருக்கு இன்டர்ன்ஷிப் கிடைத்தது, வேலையின் பெயர்கள் என்னென்ன, வேலை அனுபவம் இல்லாமல் வந்த வெளிநாட்டு மாணவர்கள் மட்டும் எப்படி ஆனார்கள் என்றும் கேளுங்கள். போன வருடம் முடித்த இரண்டு மாணவர்களோடு பேச வைப்பீர்களா என்று கேளுங்கள். நல்ல படிப்புகள் தயங்காமல் செய்வார்கள். மழுப்பினால் அதுவே ஒரு பதில்.

விசா கணக்கையும் பாருங்கள். மாணவர் விசாவில் படித்தவர் முடித்ததும் 12 மாதம் அங்கே வேலை பார்க்க அனுமதி உண்டு, படிப்பு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருந்தால் இன்னும் 24 மாதம் நீட்டிக்கலாம். இந்தப் படிப்பு அந்தப் பட்டியலில் உள்ளதா என்பதை எழுத்தில் வாங்குங்கள். அதற்கு மேல் தங்க எச்-1பி வேண்டும், நிறுவனங்களுக்காக ஒதுக்கப்படும் அந்த விசாவுக்கு வருடத்துக்கு 85,000 என்ற உச்சவரம்பு இருக்கிறது, விண்ணப்பிக்கிறவர்கள் அதைவிட அதிகம். ஆகவே கடனை மூன்று வருடச் சம்பளத்தில் அடைக்க முடியுமா என்று கணக்குப் போடுங்கள், அதற்கு மேல் கிடைப்பதை வரவில் சேர்க்காதீர்கள். பெரிய ஹெட்ஜ் ஃபண்டு சம்பளங்களைப் பார்த்துக் கணக்குப் போடவே வேண்டாம், அந்த இடங்களில் பெரும்பாலும் முனைவர் பட்டம் பெற்றவர்களையும் கணினியில் அபாரத் திறமை உள்ளவர்களையும் எடுக்கிறார்கள். வங்கியின் ரிஸ்க் பிரிவில் தொடக்கநிலை வேலைக்கு என்ன சம்பளமோ அதை வைத்துப் போடுங்கள்.

இடத்தை ஒரு வருடம் தள்ளிவைக்க அனுமதிப்பார்களா என்றும் கேட்கலாம். சில இடங்களில் தருவார்கள். அந்த ஒரு வருடத்தில் மகள் கணக்கு சம்பந்தப்பட்ட ஏதாவது ஒரு வேலையில் இருந்துவிட்டுப் போனால் முதல் செப்டம்பரில் அவளுக்குப் பேச ஒன்று இருக்கும்.

கேள்வி: போன வருடம் ஏழு இடத்தில் போட்டு ஏழும் இல்லை என்று வந்துவிட்டது. ஆன்லைனில் இலவசமாகவே இந்தப் பட்டம் தருகிறார்களாமே, அதைச் செய்யலாமா? அதற்கு மதிப்பு உண்டா?

பதில்: வேர்ல்டுகுவான்ட் பல்கலைக்கழகத்தைச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆமாம், நிதிப் பொறியியலில் முதுகலை, முழுக்க ஆன்லைன், கல்விக் கட்டணம் இல்லை. கார்னகி மெலன் பட்டத்துக்கு இருக்கும் வளாகத் தேர்வு வலை அதற்குக் கிடையாது, நிறுவனங்கள் தேடி வராது, நீங்கள்தான் கதவு தட்ட வேண்டும். ஆனால் உங்கள் நிலையில் அதை வேறு விதமாகப் பயன்படுத்தச் சொல்வேன். முதல் இரண்டு மூன்று பாடங்களை வேலை பார்த்துக்கொண்டே செய்யுங்கள். வாரத்துக்கு 20 மணி நேரம் இதற்கு ஒதுக்க மனம் வருகிறதா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும், கடன் வாங்காமலே தெரிந்துவிடும். பிடித்துப்போய் அங்கேயே முடித்தாலும் சரி, அந்த மதிப்பெண்களோடு மறுபடி வளாகப் படிப்புக்கு விண்ணப்பித்தாலும் சரி.

ஏழும் போனதற்குக் காரணம் அனுபவம் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய மதிப்பெண் பட்டியலைப் பார்த்தேன். நிகழ்தகவில் சி, எண்முறைப் பகுப்பாய்வு எடுக்கவே இல்லை, ஏழு இடமும் தரவரிசையின் முதல் பத்துக்குள். எனக்கு அனுபவம் அங்கே இடித்ததாகத் தெரியவில்லை. நிகழ்தகவை ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தில், மதிப்பெண் சான்றிதழ் தரும் பாடமாக, மறுபடி எடுத்து ஏ வாங்குங்கள். அடுத்த முறை பட்டியலில் மூன்றை மேலேயும் நான்கை நடுவிலும் வையுங்கள், டிசம்பர், ஜனவரியில் முடியும் முதல் சுற்றுகளிலேயே போடுங்கள். அந்த ஏ வந்ததும் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.